காற்புள்ளிக்கு வால் வைத்தவர்

போன மாசம் எங்க டீமோட ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முதல் ரிவ்யூ முடிஞ்சு திரும்பி வந்தது. சர்க்யூட்டில் தப்பு இல்லை, கோடிலும் தப்பு இல்லை. ஆனா பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. எல்லாமே கமா! வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் சொற்றொடருக்குப் பிறகு கமா போடவில்லை என்று கைடு ஒவ்வொன்றாகச் சுழித்திருந்தார். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கு மானமே போச்சு. அவர் சுழித்ததில் ஒரு வாக்கியம் இது:

வைல் த மோட்டார் வாஸ் ரன்னிங் த ப்ரோக்ராம் கிராஷ்ட்.

இதைப் படிக்கிறவர், மோட்டார்தான் ப்ரோக்ராமை ஓட்டிக்கிட்டு இருந்ததுன்னு நினைச்சு பாதி தூரம் போயிடுவார். கடைசி வார்த்தையில் முட்டிக்கிட்டு, திரும்பி வந்து முதலிலிருந்து படிக்கணும். ரன்னிங் என்பதற்குப் பிறகு ஒரே ஒரு கமா இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. தமிழில் எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் வந்தே இருக்காது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது என்று எழுதும்போதே, கடைசியில் இருக்கும் அந்த ‘போது’ முதல் பகுதியை முடித்து வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி முடித்து வைக்க ஒரு விகுதி கிடையாது. அந்த வேலையைக் கமாதான் பார்க்கணும்.

இந்தக் குட்டிப் புள்ளியை யார்தான் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு கடுப்பில் தேடப் போனேன். அப்போ கிடைத்தவர்தான் ஆல்டஸ் மனூட்டியஸ். இறந்து 500 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் கதையைப் படிச்ச பிறகு கடுப்பு போய் மரியாதை வந்துடுச்சு.

ஆல்டஸ் 1450ஆம் ஆண்டு வாக்கில், இத்தாலியில் ரோமுக்குத் தெற்கே பாஸியானோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். ரோமில் லத்தீனும் ஃபெராராவில் கிரேக்கமும் படித்தார். படிப்பு முடிந்ததும் கார்ப்பி என்ற ஊரின் பிரபு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் மாஸ்டர் ஆனார். 40 வயதை நெருங்கும் வரை வாத்தியார் வேலைதான். அந்தக் காலத்துக் கணக்கில் அதற்குமேல் புதுசாக ஒன்றைத் தொடங்குவது கொஞ்சம் விபரீதம்தான். ஆனால் ஆல்டஸுக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. சொல்லிக்கொடுக்கத் தகுந்த நல்ல கிரேக்கப் புத்தகங்கள் அச்சில் இல்லை.

1453இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கையில் விழுந்த பிறகு, கிரேக்க அறிஞர்கள் பலர் ஏட்டுப் பிரதிகளோடு இத்தாலிக்கு வந்திருந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் வெனிஸில் தங்கினார்கள். அச்சகங்களும் அங்கேதான் அதிகம். அதனால் ஆல்டஸ் 1490 வாக்கில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வெனிஸுக்குக் கிளம்பினார். ஆந்த்ரேயா டோரெசானி என்ற அச்சகக்காரரோடும், பணம் போட ஒரு பிரபுவோடும் கூட்டுச் சேர்ந்தார். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு ஸ்டார்ட்அப். 1495இல் முதல் புத்தகமாக ஒரு கிரேக்க இலக்கண நூல் வந்தது. 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலின் நூல்களை ஐந்து பெரிய தொகுதிகளாகக் கிரேக்கத்திலேயே அச்சிட்டு முடித்தார்.

அச்சகத்தைச் சுற்றி ஒரு அறிஞர் குழு இருந்தது. அங்கே கிரேக்கம் மட்டும்தான் பேசணும். வேற மொழி பேசினால் ஃபைன். ஸ்கூலில் தமிழ் பேசினதுக்காக ஃபைன் கட்டின ஆள் நான், அதனால் இதைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே சேரும் ஃபைன் காசில் எல்லோருக்கும் விருந்து வைப்பது என்று விதி. நாங்க கட்டின காசுக்கு ஒரு பஃப்ஸ்கூட வந்ததில்லை.

சரி, கமாவுக்கு வருவோம்.

கி.மு. 200 வாக்கில் அலெக்ஸாண்ட்ரியா நூலகத்தின் தலைவராக இருந்த அரிஸ்டோஃபனீஸ் என்பவர்தான், எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று காட்ட மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டு வந்தார். கிரேக்கத்தில் கோம்மா என்றால் வெட்டின துண்டு. முதலில் அது வாக்கியத் துண்டின் பெயர், பிறகுதான் குறியின் பெயர் ஆனது. அதற்கப்புறம் பல நூற்றாண்டுகள் ஆளாளுக்கு ஒரு குறி. ஆல்டஸ் காலத்தில் சின்ன நிறுத்தத்துக்குப் பலரும் சாய்கோடுதான் போட்டார்கள், நம் கீபோர்டில் இருக்கும் ஸ்லாஷ் மாதிரி.

1496இல் பியத்ரோ பெம்போ என்ற இளைஞர் எட்னா எரிமலையில் ஏறிய அனுபவத்தை எழுதிய ஒரு சின்ன லத்தீன் புத்தகத்தை ஆல்டஸ் அச்சிட்டார். அதற்கு எழுத்து வெட்டியவர் ஃபிராஞ்செஸ்கோ கிரிஃபோ என்ற கைவினைஞர். அந்தப் புத்தகத்தில் சாய்கோடு உயரம் குறைந்து, வரியின் அடிக்கு இறங்கி, வளைந்து ஒரு வால் முளைத்து நிற்கிறது. இன்று நாம் போடும் அதே கமா. அதே புத்தகத்தில்தான் புள்ளியும் கமாவும் சேர்ந்த அரைப்புள்ளியும் அறிமுகமானது. அச்சில் வந்ததால் எல்லாப் பிரதியிலும் ஒரே மாதிரி இருந்தது. பார்த்த மற்ற அச்சகங்களும் எடுத்துக்கொண்டன. குறி நிலைத்துவிட்டது.

இதில் கிரிஃபோவின் பங்கை மறந்துவிடக் கூடாது. எஃகில் அந்த வளைவை வெட்டியது அவர் கை. ஆனால் பெயரும் வியாபார உரிமையும் ஆல்டஸுக்கே போயின. சில வருஷங்களில் இருவரும் பிரிந்தார்கள். குரூப் ப்ராஜெக்டில் கோட் எழுதுறவன் ஒருத்தன், பிரசென்ட் பண்றவன் ஒருத்தன்னு இருக்குமே, அதே கதை.

1501இல் ஆல்டஸ் இன்னொரு வேலை செய்தார். அதுவரை நல்ல நூல்கள் என்றாலே மேஜையில் விரித்து வைத்துப் படிக்கும் கனமான புத்தகங்கள். அவர் வெர்ஜிலின் கவிதைகளைக் கையில் எடுத்துப் போகிற மாதிரி சின்ன அளவில், உரையோ விளக்கமோ இல்லாமல் மூலம் மட்டும் அச்சிட்டார். அதற்காகக் கிரிஃபோ வெட்டிய சாய்ந்த எழுத்துதான் இன்று வேர்டில் நாம் தட்டும் இட்டாலிக்.

என்னைக் கேட்டால், கமாவும் சின்னப் புத்தகமும் ஒரே சிந்தனையில் பிறந்தவை. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல், உரைக்காரர் துணை இல்லாமல், ஒருவர் தனியாக உட்கார்ந்து படிக்கிறார். அவருக்கு எங்கே நிறுத்தணும், எது எதோடு சேரும் என்று யார் சொல்வது? பக்கமே சொல்லணும். 40 வயது வரை வகுப்பில் நின்று பாடம் எடுத்தவருக்கு அந்தத் தேவை புரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

புகழ் வந்ததும் பைரசியும் வந்தது. ஃபிரான்ஸின் லியோன் நகரத்தில் அவருடைய புத்தகங்களை எழுத்து வடிவம் உட்பட காப்பியடித்து விற்றார்கள். 1503இல் ஆல்டஸ் கோபத்தோடு ஒரு எச்சரிக்கை வெளியிட்டார். போலிகளில் இருக்கும் பிழைகளைப் பட்டியல் போட்டு, இதைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள் என்று வாசகர்களுக்குத் தெரிவித்தார். லியோன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பட்டியலை வைத்தே தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்! காசில்லாமல் ப்ரூஃப் பார்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

வேலைத் தொந்தரவும் குறையவில்லை. சும்மா பேச வருபவர்கள் தொல்லை தாங்காமல், வந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பவும் என்ற பொருளில் கதவில் ஒரு அறிவிப்பு மாட்டி வைத்தார். 1508இல் எராஸ்மஸ் அவர் அச்சகத்திலேயே உட்கார்ந்து, ஒரு பக்கம் எழுத எழுத மறுபக்கம் அச்சாகும்படி தன் பழமொழித் தொகுப்பை விரிவாக்கினார். 1509இல் வெனிஸ் மீது போர் வந்தது. ஆல்டஸ் அச்சகத்தை மூடிவிட்டு ஊரை விட்டே போக வேண்டியிருந்தது. சொத்துகளும் போயின. 1512இல் திரும்பி வந்து மறுபடியும் தொடங்கினார். 1515 பிப்ரவரி 6 அன்று இறந்தார். அவர் உடலைச் சுற்றி அவர் அச்சிட்ட புத்தகங்களை அடுக்கி வைத்து வழியனுப்பினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. அதே பெயர் கொண்ட அவர் பேரன் 1566இல் எழுத்து முறை பற்றிய ஒரு நூலில், நிறுத்தக்குறியின் முக்கிய வேலை வாக்கிய அமைப்பைத் தெளிவாக்குவதுதான் என்று எழுதி வைத்தார். அப்போது பேரனுக்கு வயது 19. நம்மைவிடச் சின்னப் பையன்! அதுவரை இந்தக் குறிகளைப் பெரும்பாலும் மூச்சு விடும் இடமாகத்தான் பார்த்தார்கள். நம் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்ற பெயர்களிலும் அந்த நிறுத்தக் கணக்கின் சாயல் தெரிகிறது, இல்லையா? என் ரிப்போர்ட்டில் கைடு சுழித்தது மூச்சுக்காக இல்லை. பேரன் சொன்ன காரணத்துக்காகத்தான்.

இன்னொரு விஷயம். 1980களில் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஒரு மென்பொருள் நிறுவனம் ஆல்டஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. 1985இல் அது வெளியிட்டதுதான் பேஜ்மேக்கர். பிறகு அடோபியோடு இணைந்தது. நம் ஊர் டிடிபி சென்டர்களில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கோயில் திருவிழா நோட்டீஸ் வரைக்கும் ஒரு காலத்தில் பேஜ்மேக்கரில்தான் ஓடியது. நம்ம சீனியர்களின் அப்பா அம்மா பெயர்கூட அப்படித்தான் பத்திரிகையில் ஏறியிருக்கும்.

ரிப்போர்ட்டைத் திருத்தி முடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. ஒவ்வொரு கமா போடும்போதும், இதைப் படிக்கிறவர் எங்கே முட்டிக்கொள்வார் என்று யோசிக்க வேண்டியிருந்தது. நான்கு வருஷத்தில், என் எழுத்தைப் படிக்கப் போகிற ஒரு ஆளைப் பற்றி நான் யோசித்தது அதுதான் முதல் தடவை. ஜூனியர்களே, உங்கள் ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்னாடி ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். சிவப்பு மை மிச்சமாகும்.