அடுப்படி வரை வந்த வைத்தியர்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்றொரு சிற்றூர் இருக்கிறது. ரொறன்ரோவில் வாழும் நம் பழைய மாணவியர் காரில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். 1873இல் மேரி ஹெலன் இர்வின் பிறந்தது அந்த ஊரில்தான். நாம் அவரை டாக்டர் மேரி ரட்ணம் என்று அறிவோம். அறிவோம் என்று எழுதிவிட்டேனே தவிர, நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்தான். வைத்தியக் கல்லூரிக்குப் போகும்வரை நானும் அதைக் கேள்விப்பட்டதில்லை.

பெண்கள் வைத்தியம் படிப்பதை ஊரே வேடிக்கை பார்த்த காலத்தில், ரொறன்ரோவில் பெண்களுக்கென இருந்த மருத்துவக் கல்லூரியில் படித்து அவர் வைத்தியரானார். யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கு வைத்தியம் செய்ய அமெரிக்க மிஷன் அவரைத் தெரிந்தெடுத்தது. அதற்கிடையில் நியூயோர்க்கில் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற இலங்கைத் தமிழரைச் சந்தித்து மணந்துகொண்டார். 1896இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது, தமிழரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை வைத்துக்கொள்ள மிஷன் தயாராக இருக்கவில்லை. எந்த வேலைக்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்த வேலை இல்லை என்றாகிவிட்டது. வயது இருபத்துமூன்று. திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை.

கொழும்பில் லேடி ஹவ்லொக் பெண்கள் ஆஸ்பத்திரியில் சிறிது காலம் வேலை செய்தார். பிறகு சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஆண் வைத்தியருக்கு உடம்பைக் காட்டக் கூசி, நோயை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த தாய்மார் அநேகம் பேர் இருந்த காலம் அது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர் தொடங்கிய, அல்லது தோள் கொடுத்த சங்கங்களை வரிசையாக எழுதினால் இந்த மலரில் இன்னொருவருக்கு இடம் இருக்காது. 1904இல் இலங்கைப் பெண்கள் சங்கம், 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கம், பிறகு மதுவிலக்கு, பெண் சாரணியம் என்று நீளும். பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1933இல் மனையியல் கற்பிக்கும் ஆசிரியைகளுக்காக ஒரு கைநூலும் எழுதினார்.

ஒரு வைத்தியர் ஏன் மனையியல் புத்தகம் எழுத வேண்டும்? என் தொழில் செய்கிறவர்களுக்கு இதன் விடை நன்றாகத் தெரியும். இரத்தச்சோகையுள்ள கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுப்பது எளிது. கீரை, பருப்பு, முட்டை, நெத்தலி சாப்பிடுங்கள் என்று சொல்வது அதைவிட எளிது. அந்தத் தாய் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். வீட்டிலே முட்டை ஒன்றுதான் என்றால் அது யாருடைய தட்டுக்குப் போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வைத்தியரின் சொல் பலிக்கவேண்டுமானால் அது அடுப்படிக்குப் போகவேண்டும், அங்கிருந்து முந்தானை முடிச்சில் இருக்கும் காசுக்கும் போகவேண்டும். மேரி ரட்ணத்தின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவர் செய்த பல காரியங்களும் ஒரே காரியமாகத் தெரிகின்றன.

அவற்றில் பெரியது 1930இல் தொடங்கிய லங்கா மகிளா சமிதி. அதற்கு இரண்டு தாய்வீடுகள் உண்டு. ஒன்று அவருடைய சொந்த ஒன்ராறியோ. அங்கே அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். அசுத்தமான பால்தான் காரணம் என்று பேசப்பட்டது. பாலைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்று தனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லையே என்ற துக்கம் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1897இல் ஸ்டோனி கிறீக் என்ற ஊரில், குடியானவர் வீட்டுப் பெண்கள் கூடி ஒருவருக்கொருவர் தெரிந்ததைச் சொல்லிக்கொள்ளும் முதலாவது மாதர் மன்றம் பிறந்தது. மற்றத் தாய்வீடு வங்காளம். அங்கே சரோஜ் நளினி தத் 1913இல் தொடங்கிய மகிளா சமிதியிலிருந்துதான் பெயரும் வந்தது.

இலங்கைக் கிராமங்களில் சமிதி செய்த வேலைகளைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. வீட்டுத்தோட்டம், கோழி வளர்ப்பு, தையல், நெசவு, சத்துக் குறையாமல் சமைப்பது, பிள்ளை வளர்ப்பு, சிறு சேமிப்பு. கடுவெலயில் அதற்குப் பயிற்சி நிலையமும் அமைந்தது.  சீமாட்டிகள் காரில் வந்து இறங்கி ஏழைகளுக்குத் துணி கொடுத்துவிட்டுப் போவது அந்நாளில் தர்மம் எனப்பட்டது. சமிதியின் வழி வேறு. அங்கே பெண்களே அங்கத்தவர்கள். ஒருத்திக்குத் தையல் வரும், ஒருத்திக்குக் கீரை விளைவிக்க வரும். வாங்குகிறவள் அடுத்த முறை கொடுக்கிறவள் ஆவாள்.

இந்த வழக்கம் நம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. லயத்துக் காம்பராவில் அரிசி தீர்ந்தால் பக்கத்துக் காம்பராவில் ஒரு சுண்டு கைமாற்று வாங்குவதும், சம்பளத்தன்று கொஞ்சம் தலைதட்டாமல் கூம்பாக அளந்து திருப்பிக் கொடுப்பதும், நாலு பேர் சீட்டுப் பிடித்து ஒரு வீட்டுக் கல்யாணத்தை ஒப்பேற்றுவதும், லயத்துக்குப் பின்னால் விளைந்த முட்டைக்கோவாவில் ஒன்றை வாசலில் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவதும் யாரும் சங்கம் கூட்டிக் கற்றுக்கொடுத்தவை அல்ல. நம் வகுப்பறைகளிலும் அது இருந்தது. அக்காவின் வெள்ளைச் சீருடை மடிப்பு அவிழ்ந்து தங்கைக்கு வரும், தங்கைக்குச் சிறுத்தால் அடுத்த லயத்துப் பிள்ளைக்குப் போகும். விளிம்பில் மூன்று அங்குலத் துணியை உள்ளே மடித்துத் தைத்த அம்மாக்களின் பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆனால் சமிதியின் வேர் கிராமங்களில்தான் இருந்தது. தோட்டங்களோ வெளியார் எளிதில் காலடி வைக்க முடியாத இடங்கள். அங்கே கணக்கு இன்னும் இறுக்கமானது. 1929இல் சட்டப்படி வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இதிலிருந்து தோட்டம் அளந்து கொடுத்த அரிசிக்கான காசு கழியும். அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இந்தச் சம்பளமும் குறைக்கப்பட்டது. விடியற்காலைப் பெரட்டுக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் போனார்கள். கொழுந்துக் கூடையின் பாரம் அவள் தலையில்தான் இருந்தது. ஆனாலும் பதினொரு சதம் குறைவு.

அந்தப் பெண்களுக்கும் மேரி ரட்ணத்துக்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. அது வேறொரு வழியாக வந்தது. 1927இல் அவரும் தோழியரும் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்தார்கள். டொனமூர் ஆணைக்குழு முன் அந்தச் சங்கம் சாட்சியம் அளித்தபோது, தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. கேட்டவர்கள் தயக்கத்தை எதிர்பார்த்திருக்கலாம். அக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார். படித்த, வசதியான கொழும்புப் பெண்கள் தங்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காசு செலவில்லாத கொடை அது. ஆனால் எத்தனையோ காசுக் கொடைகளைவிட அதை நான் பெரிதாக மதிக்கிறேன். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. குடியிருப்பு விதிகள் பலரைத் தடுத்தன என்றாலும், மலைநாட்டுப் பெண்கள் பலரும் வாக்களிக்க முடிந்தது.

1937இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பம்பலப்பிட்டியிலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி அதன் முதற் பெண் உறுப்பினரானார். அந்தப் பதவி நிலைக்கவில்லை. நடைமுறைக் காரணம் ஒன்றைக் காட்டி அவரை விலக்கிவிட்டார்கள். அதே ஆண்டு கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தார். வயது அறுபத்துநான்கு. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மாநகர சபைப் பதவியைவிட இந்த நிலையத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்தடுத்த பேறுகளில் உடம்பு தேய்ந்த தாய்க்கு இரண்டு பேறுகளுக்கு நடுவில் மூன்று ஆண்டு இடைவெளி கொடுப்பதைப்போல வீட்டுக் கணக்கைத் தூக்கி நிறுத்துவது வேறொன்றும் இல்லை. இதைத் தாய்சேய் கிளினிக்கில் உட்கார்ந்து பார்க்கிறவளாகச் சொல்கிறேன்.

2022ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். தோட்டச் சம்பளம் நாளுக்கு ஆயிரம் ரூபாய். அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அரைப் பேர் போட்டால் அதிலும் பாதிதான். கிளினிக்கில் ஒரு பிள்ளைக்கென்று கொடுக்கும் திரிபோஷா வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டையாகும், சில வேளை பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் போகும். எடை கூடாத பிள்ளையை நிறுக்கும்போது அது எனக்குக் கவலைதான். ஆனால் அதைக் குற்றமென்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த மாதங்களில் நிவாரணப் பொதிகளும் வந்தன. ஓரிடத்தில் தாய்மாரை வரிசையில் நிறுத்தி, பொதியைக் கையில் கொடுத்து, முகம் தெரியப் படம் எடுத்தார்கள். தன் முறை வருவதற்குமுன் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெறுங்கையோடு போய்விட்டாள். மற்றோரிடத்தில் ஒரு லயத்துப் பெண்கள் தாங்களே மூன்று மூன்று வீடாகச் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்தார்கள். விறகு ஒருத்தி, தேங்காய் ஒருத்தி, பருப்பு ஒருத்தி. அடுப்பு மாறிக்கொண்டே இருந்ததால் யார் வீட்டில் இல்லை என்பது வெளியே தெரியவில்லை. அவர்களில் ஒருத்தரும் மேரி ரட்ணத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நம் சங்கத்தின் உதவி நிதி அடுத்த முறை கூடும்போது அந்த அடுப்பை யாராவது ஞாபகப்படுத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1958இல் பொதுச்சேவைக்கான ரமொன் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. வயது எண்பத்தைந்து. 1962இல் இலங்கையிலேயே மறைந்தார். அதற்குள் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள், அவருடைய தோழி யாருக்காகத் தயங்காமல் பதில் சொன்னாரோ அந்தப் பெண்களில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் எடுத்துவிட்டிருந்தன. பதினொரு சதத்தின் கதை இன்னும் நீண்டது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அப்போது எனக்கு இரண்டு வயது.