கிள்ளானில் கொசுவை ஆராய்ந்த டாக்டர் மால்கம் வாட்சன்

ஆராய்ச்சி என்றால் அது சீமையில் நடப்பது, நமக்கு ஏது என்று நினைக்கிறீர்களா? நம் கிள்ளானிலேயே நடந்தது ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1873-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த வாட்சன், 1901 ஜனவரியில் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த கையோடு மலேரியாக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. வேலையாட்கள் சுருண்டு விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் வந்துவிட்டது!

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பிக் காட்டை வெட்டி, சதுப்பு நீரை வடிக்கச் செய்தார். 1901-இல் கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 334 பேர். 1905-இல் 12 பேர்தான்.

ஆனால் மேட்டுப்பாங்கான ரப்பர் தோட்டங்களில் இந்த வைத்தியம் பலிக்கவில்லை. காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது! ஐரோப்பாவிலிருந்து வந்த புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. வாட்சன் லயம் லயமாகப் போனார். நம் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கணக்கெடுத்தார். ஓடைகளில் கொசுப்புழுக்களைத் தேடினார். விஷயம் புரிந்தது. கரையோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழல் நீரில் வளர்வது. மேட்டு நிலத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. நிழலை வெட்டினால் அதற்குக் கொண்டாட்டம்தானே?

பத்து தீகா பக்கத்துச் சீபீல்டு தோட்டத்தில் ஓடை நீரைப் பூமிக்கடியில் குழாய் வழியே ஓட விட்டார்கள். அதற்குச் செலவு அதிகம். 1914 முதல் நீரில் எண்ணெய் தெளிக்கும் முறை வந்தது. முதலாளிமார் பணம் கொடுத்தது அன்பினால் என்று எண்ணிவிடாதீர்கள். ஆள் செத்தால் பால் வெட்ட யார் இருக்கிறார்கள்? வெயிலில் கால்வாய் வெட்டி, எண்ணெய் அடித்த தொழிலாளிகளின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. அது எனக்கு மனக்குறைதான்.

வாட்சன் தனியாகவும் இல்லை. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பக்கத்திலேயே இருந்தது. டாக்டர் லெஸ்டர் என்பவர் மலாயாக் கொசு இனங்களைப் பிரித்து விவரித்து, 1908-இல் நூலாகத் தந்தார். அந்தக் கழகம் இன்றும் நடக்கிறது.

1911-இல் வாட்சனின் நூல் வந்தது. 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. 1928-இல் மலாயாவை விட்டுப் போனவர், பிறகு ஆப்பிரிக்காவில், இன்றைய சாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதியில் மலேரியாவைக் கட்டுப்படுத்தப் போனார். கிள்ளான் தோட்டங்களில் கற்ற பாடம் அங்கே பயன்பட்டது. 1955-இல் அவர் காலமானார்.