சந்தைக்கு வழி கேட்ட ஸஹாபி

சங்கராபுரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, சுன்னத்தும் தொழுது ஜமாஅத்தார் கலைந்த பிறகு, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் நம்மிடம் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டனார், மகன், பேரன். பாட்டனார் தம் வாலிபத்தில் துணிமூட்டையைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களுக்கு நடந்தே போய் விற்றவர். திரும்பும்போது புளியும் கடுக்காயும் வாங்கி வந்து சந்தையில் போட்டவர். மகன் 22 ஆண்டுகள் ஸவூதியில் வண்டி ஓட்டி, ஊரில் மாடி வீடு கட்டி, கொஞ்சம் நிலமும் வாங்கிக்கொண்டு திரும்பியவர். பேரன் பொறியியல் படித்து முடித்து, இரண்டு வருடமாக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருப்பவன்.

வழக்கு இதுதான். பேரன் தொழில் செய்யப் போகிறானாம். நிலத்தை விற்றுத் தன் பங்கை இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்கிறான். அத்தா மறுக்கிறார். படித்த பிள்ளை கடையில் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும், யாரிடமாவது பணம் கட்டியாவது நல்ல உத்தியோகம் வாங்கித் தருகிறேன் என்கிறார். பாட்டனாரோ இருவரையும் ஏசுகிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது என்பது அவர் கட்சி. அதற்குப் பேரன் சொன்ன பதிலையும் நாம் மறைக்கக்கூடாது. அந்தக் காலத்தில் ஒரு மூட்டைத் துணியோடு வியாபாரம் தொடங்க முடிந்தது, இன்று ஒரு டீக்கடை வைப்பதற்கே கடைக்கு முன்பணமாக எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாட்டனாருக்குத் தெரியுமா என்றான். பெரியவர் வாயடைத்துப் போனார்.

தகப்பன் உயிரோடிருக்கும்போது மகனுக்குச் சொத்தில் பங்கு என்று ஒன்று கிடையாது, வாரிசுரிமை மவுத்துக்குப் பிறகே வருவது என்ற மஸ்அலாவை முதலில் சொன்னோம். பிறகு ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். அன்று அவசரத்தில் சுருக்கிச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

அன்னார் குறைஷிகளில் பனூ ஸுஹ்ரா குடும்பத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தாயார் ஆமினா அம்மையாரும் அதே குடும்பத்தில் பிறந்தவர்களே. யானை ஆண்டுக்குச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்துப் பிறந்தார்கள். அறியாமைக் காலத்தில் அப்து அம்ர் என்று அழைக்கப்பட்டு வந்தார்கள். அப்துர் ரஹ்மான் என்று பெயர் மாற்றியவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் அழைப்பால் தீனுக்கு வந்த முதல் சிலரில் ஒருவர். மக்காவின் கொடுமை தாங்காமல் அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்களிலும் அன்னார் உண்டு. சுவனத்து நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள்.

மக்காவில் அன்னார் வியாபாரி. இருந்ததை அங்கேயே விட்டுவிட்டு மதீனாவுக்குப் போய்ச் சேர்ந்த கி.பி. 622-ல் அன்னாருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. இதை வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மதீனாவில் சந்தைக்கு வழி கேட்டவர் இருபது வயது வாலிபர் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை. நம் ஊர்க் கணக்கில் வளைகுடாவிலிருந்து முடித்துக்கொண்டு திரும்பும் வயதில், கையில் ஒன்றுமில்லாமல், தெரியாத ஊரில், மறுபடி அலிஃபிலிருந்து தொடங்கியவர்கள் அவர்கள்.

முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் இருவர் இருவராகச் சகோதரர்களாக இணைத்தபோது, அன்னாரை ஸஅத் பின் ரபீஉ (ரலி) என்ற கஸ்ரஜ் கோத்திரத்து அன்ஸாரியோடு பெருமானார் (ஸல்) அவர்கள் சேர்த்துவைத்தார்கள். ஸஅத் (ரலி) மதீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். தம் செல்வத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். தமக்கு இரண்டு மனைவியர் இருப்பதாகவும், ஒருவரைத் தாம் விடுவிக்க, இத்தா முடிந்தபின் மணந்துகொள்ளலாம் என்றும் கூறினார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் இரண்டையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஸஅத் (ரலி) அவர்களின் குடும்பத்திலும் பொருளிலும் பரக்கத் உண்டாக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா கூட்டத்தாரின் சந்தையைக் காட்டினார்கள். அங்கே போய் அன்னார் எடுத்த சரக்கு பட்டுமல்ல, அத்தருமல்ல. நெய்யும் காய்ந்த தயிர்க்கட்டியும்தான். குறைஷிக் குலத்தவர் நெய் விற்கிறாரே என்று மதீனாவில் யாரும் பேசியதாக நாம் எந்தக் கிதாபிலும் படித்ததில்லை.

கொஞ்ச நாளிலேயே அன்னாரின் மேல் மஞ்சள் வாசனைத் திரவியத்தின் கறை தெரிந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அன்ஸாரிப் பெண் ஒருவரை நிகாஹ் செய்துகொண்டதாகவும், பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கம் மஹராகக் கொடுத்ததாகவும் தெரிவித்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி கட்டளை வந்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் மஹர், சொந்தச் சம்பாத்தியத்தில் வலீமா. பெண் வீட்டாரிடம் தொகை பேசிக் கைநீட்டிய பிறகு ஒப்புக்கு மஹர் எழுதுகிற நம் சமுதாயத்து வாலிபர்களுக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

இந்த இடத்தோடு நிறுத்திவிடுவதுதான் மிம்பர்களில் வழக்கம். நாமும் அப்படித்தான் பயான் செய்து வந்தோம். சங்கராபுரத்துப் பேரனின் பதிலைக் கேட்ட பிறகே நமக்கு ஒன்று உறைத்தது. அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை வாலிபர்களுக்கு ஓதிக்காட்டுகிறோம். ஸஅத் (ரலி) அவர்கள் கொடுக்க முன்வந்தார்கள் என்பதைப் பெரியவர்களுக்கு ஓதிக்காட்டுவதில்லை. பாதியைத் தருகிறேன் என்று ஒருவர் மனதாரச் சொன்ன ஊரில்தான் மற்றவர் வேண்டாம் என்று சொன்னார். அந்தச் சொல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்ற தெம்பு ஒருவனுக்கு எவ்வளவு பெரியது! கையை இறுக மூடிக்கொண்டு, போய் உழைத்துப் பிழை என்று பிள்ளையை ஏசுகிறவர் இந்த வரலாற்றைத் தமக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

ஸஅத் (ரலி) அவர்களின் முடிவையும் சொல்லியாக வேண்டும். ஹிஜ்ரி 3-ல் உஹதுப் போரில் அவர்கள் ஷஹீதானார்கள். பாதிச் சொத்தை அன்னியருக்குத் தர முன்வந்த அந்த மனிதரின் மொத்தச் சொத்தையும் அவருடைய சகோதரர் அந்தக் கால வழக்கப்படி தாமே எடுத்துக்கொண்டார். இரண்டு பெண்மக்களும் விதவைத் தாயும் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். அந்தத் தாய் பெண்களை அழைத்துக்கொண்டு பெருமானாரிடம் (ஸல்) வந்து, பொருளில்லாத பெண்களை யார் மணப்பார்கள் என்று முறையிட்டார்கள். அப்போதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனம் இறங்கியது என்று ஹதீஸ் கிதாபுகளில் காண்கிறோம். அதன்படி சொத்தை 24 பங்காக்கினால் 16 பங்கு மகள்களுக்கு, 3 பங்கு மனைவிக்கு, மீதி 5 பங்குதான் சகோதரருக்கு. பெண்மக்களுக்குச் சீர் செய்துவிட்டோம், சொத்தில் பங்கில்லை என்று சொல்லும் வீடுகள் நம் ஜில்லாவிலும் இருக்கின்றன. ஸஅத் (ரலி) அவர்களின் அந்த இரண்டு பெண்மக்களை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

அதே உஹதில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட காயங்கள் பட்டன. முன்பற்கள் விழுந்தன. காலில் பட்ட காயத்தால் நடை நொண்டலாயிற்று. அந்தக் காலோடுதான் அதன் பிறகு சந்தைக்கும் போனார்கள், ஹிஜ்ரி 6-ல் படைக்குத் தலைமை தாங்கித் தூமத்துல் ஜந்தலுக்கும் போனார்கள்.

வியாபாரம் பெருகியது. ஒரு கல்லைப் புரட்டினால்கூட அதனடியில் தங்கமோ வெள்ளியோ கிடைக்கும் போலிருக்கிறது என்று அன்னாரே வியந்து சொல்லுமளவுக்குப் பெருகியது. அதன் இரகசியத்தைக் கேட்டவர்களுக்கு அன்னார் மூன்று காரணங்கள் கூறியதாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். எவ்வளவு சிறிய இலாபத்தையும் தள்ளியதில்லை, கேட்டு வந்தவரைக் காத்திருக்க வைத்ததில்லை, கடனுக்கு விற்றதில்லை. ஒரு தடவை ஆயிரம் ஒட்டகைகளைக் கொள்முதல் விலைக்கே விற்று, கட்டியிருந்த கயிறுகளை மட்டும் இலாபமாக வைத்துக்கொண்டார்களாம். கயிறு ஒன்று ஒரு திர்ஹம் வீதம் ஆயிரம் திர்ஹம் வந்தது. அன்றைய தீவனச் செலவு மிச்சமானதில் இன்னோர் ஆயிரம். நம் பாட்டனார் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். புளியை வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டுச் சாக்கில் இலாபம் பார்த்த நாட்கள் அவருக்கும் உண்டாம். மூவரில் அன்று முதலில் சிரித்தவர் அவர்தான்.

ஜுர்ஃப் என்ற இடத்தில் அன்னார் பயிரும் செய்தார்கள். இருபது ஒட்டகைகள் நீர் இறைத்த நிலம் அது. வீட்டுக்கு ஆண்டு முழுவதற்குமான உணவு அதிலிருந்து வந்தது.

கொடுத்த கணக்கும் சிறியதல்ல. ஸதகாவுக்கு அழைப்பு வந்த ஒரு சமயத்தில், தம்மிடம் இருந்த எட்டாயிரத்தில் பாதி நாலாயிரம் திர்ஹத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதே வேளையில் அபூ அகீல் (ரலி) என்ற ஏழைத் தோழர் கூலிக்கு நீர் இறைத்துச் சம்பாதித்த பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாஉ கொண்டுவந்தார்கள். முனாஃபிக்குகள் முதலாமவரைப் பகட்டுக்காரர் என்றார்கள். இரண்டாமவரின் ஒரு ஸாஉ அல்லாஹ்வுக்குத் தேவையா என்றார்கள். இருவரையும் ஏளனம் செய்த அவர்களைக் கண்டித்து அத்தவ்பா அத்தியாயத்தின் 79-வது வசனம் இறங்கியது. பிற்காலத்தில் ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலத்தை 40,000 தீனாருக்கு விற்று, அந்தத் தொகையைப் பனூ ஸுஹ்ராவினருக்கும் ஏழைகளுக்கும் முஃமின்களின் அன்னையருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

எழுநூறு ஒட்டகைகளோடு அன்னாரின் வணிகக் கூட்டம் மதீனாவுக்குள் நுழைந்ததையும், செல்வத்தின் காரணமாக அன்னார் சுவனத்துக்குத் தவழ்ந்து போவார்கள் என்ற செய்தியையும் சேர்த்துப் பல ஊர்களில் பயான் செய்கிறார்கள். தவழ்ந்து போவது பற்றிய அறிவிப்பை ஹதீஸ் கலை இமாம்கள் பலவீனமானது என்று தள்ளியிருக்கிறார்கள். ஹலாலான செல்வத்தையே குற்றமாக்கிக் காட்டும் கதையை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஸஹீஹான கிதாபில் வந்திருப்பது வேறு. ஒரு நாள் அன்னார் நோன்பிருந்தார்கள். நோன்பு திறக்க உணவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்துவிட்டது. மக்காவில் செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த முஸ்அப் (ரலி) உஹதில் ஷஹீதானபோது கஃபனுக்கு ஒரே ஒரு போர்வைதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தம்மைவிடச் சிறந்தவர் அப்படிப் போய்ச் சேர்ந்திருக்க, தமக்கு உலகம் இவ்வளவு விரித்துத் தரப்பட்டதே, நம் நன்மைகளின் கூலி இங்கேயே தீர்க்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழுதார்கள். உணவு தொடப்படாமல் கிடந்தது.

ஹிஜ்ரி 23-ல் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். அவர்களில் ஒருவரான அன்னார் தம் உரிமையை முதலில் விட்டுக்கொடுத்து, மற்றவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்று, இரவும் பகலும் மக்களைக் கலந்து, ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களுக்குப் பைஅத் செய்தார்கள்.

ஹிஜ்ரி 32-ல், கி.பி. 652-ல், அன்னார் வஃபாத்தானார்கள். ஜன்னத்துல் பகீஇல் அடக்கம். பத்ருப் போரில் கலந்து அப்போது உயிரோடிருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் 400 தீனார் வீதம் வஸிய்யத் செய்திருந்தார்கள். கலீஃபாவாக இருந்த உஸ்மான் (ரலி) அவர்களும் தம் பங்கைப் பெற்றுக்கொண்டார்கள். வாரிசுகளுக்குப் பிரிக்கையில் தங்கக் கட்டிகளைக் கோடரியால் வெட்டியதில் வெட்டியவர்களின் கைகள் கொப்புளித்துப் போயினவாம். நான்கு மனைவியர். எட்டில் ஒரு பங்கை நால்வருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 32-ல் ஒரு பங்கு. அவர்களில் ஒருவருக்கு 80,000 கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டதாக எழுதியிருக்கிறார்கள்.

அத்தனை தங்கமும் பிள்ளைகளைக் கெடுத்ததா என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. மகன் அபூ ஸலமா (ரஹ்) அவர்கள் மதீனாவின் பெரும் ஃபிக்ஹ் அறிஞர்களில் ஒருவரானார்கள். இன்னொரு மகன் இப்ராஹீம் (ரஹ்) ஹதீஸ் அறிவிப்பாளர். இப்ராஹீமின் மகன் ஸஅத் (ரஹ்) மதீனாவின் காழியாக இருந்தார்கள். அந்த ஸஅதின் மகன், பாட்டனாரின் பெயரே வைக்கப்பட்ட இப்ராஹீமும் ஹதீஸ் அறிவிப்பாளரே. சந்தைக்கு வழி கேட்ட சம்பவத்தை ஸஹீஹுல் புகாரியின் வியாபார அத்தியாயத்தில் தேடிப் பார்த்தால், அதன் ஸனதில் இவர்களே நிற்கிறார்கள். இப்ராஹீம் தம் தந்தை ஸஅதிடமிருந்து, அவர் தம் தந்தை இப்ராஹீமிடமிருந்து, அவர் தம் தந்தை அப்துர் ரஹ்மானிடமிருந்து. நோன்பு திறக்கும்போது அழுத சம்பவமும் அந்த வீட்டின் வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. கோடரியால் வெட்டிய தங்கத்தைப் பங்கிட்டுக்கொண்ட பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நெய் விற்ற கதையையும், உண்ணாமல் எழுந்த கதையையும்.

அந்த மூவரும் எழுந்தபோது அஸருக்கு நேரம் நெருங்கியிருந்தது. நிலத்தை விற்பதில்லை என்று முடிவாயிற்று. உத்தியோகத்துக்கு என்று யாரிடமும் பணம் கட்டுவதும் இல்லை. அத்தா ஒரு தொகையை மகனுக்கு வட்டியில்லாக் கடனாகத் தருவதாகவும், குர்ஆன் சொல்கிறபடி இரண்டு சாட்சிகளோடு அதை எழுதி வைத்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார்கள். கொடுத்த கடனைப் பிறகு மன்னித்துவிடலாமா என்று அத்தா நம் காதோடு கேட்டார். தாராளமாக மன்னிக்கலாம், ஆனால் அதை இப்போதே பையனிடம் சொல்லவேண்டாம் என்றோம். எழுதுவதற்குத் தாள் வாங்கிவரும்படி பேரனை அனுப்பியவர் பாட்டனார். காசும் அவரே எடுத்துக் கொடுத்தார்.