ஏ.டி.டி. 27-க்கும் பொன்னிக்கும் பின்னால் இருந்தவர்: யார் இந்த கே.ராமையா?

திருவாரூர் பக்கம் வயதான விவசாயிகளிடம் அந்தக் காலத்துக் குறுவை பற்றிப் பேச்சுக் கொடுத்தால், ஏ.டி.டி. 27 என்ற பெயர் வந்துவிடும். ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தபோது, 1960-களின் நடுவில், ஆடுதுறையில் இருந்து வந்த ரகம். அதன் பூர்வீகத்தைத் தேடினால் கே.ராமையாவிடம் போய் நிற்போம்.

1892-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், கோவை நெல் இனப்பெருக்க நிலையத்தில் நெல் நிபுணராக இருந்தவர். அந்த நிலையத்துக்குப் பேர் வாங்கித் தந்தது 1921-ல் வெளியான ஜி.இ.பி. 24. அது கலப்பினம் இல்லை. கோணமணி என்ற ரகத்தில் தானாக நேர்ந்த திடீர்மாற்றம்.

அதென்ன திடீர்மாற்றம்? செல்லுக்குள் டி.என்.ஏ. தினமும் அடிபடுகிறது; செல்லே அதைப் பழுது பார்த்துக்கொள்கிறது. எப்போதாவது தையல் பிசகும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அல்லது பயிருக்குக் கேடு. அபூர்வமாக இப்படி ஒரு சன்ன அரிசி கிடைக்கும்.

அபூர்வத்துக்காகக் காத்துக்கொண்டிருக்க ராமையா தயாராக இல்லை. 1930-களிலேயே பார்த்தசாரதி என்ற சக விஞ்ஞானியோடு சேர்ந்து நெல்லில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, மாற்றங்களைத் தேடினார். கதிர் டி.என்.ஏ. இழையை அறுக்கும், செல் அதை ஒட்டுப்போடும்போது பிழை விழும். இத்தனைக்கும் டி.என்.ஏ. எப்படி இருக்கும் என்பதே 1953-ல்தான் தெரிந்தது!

1943 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு, 1946-ல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. முதல் இயக்குநர் ராமையா. நம்ம ஊர் நெட்டை நெல்லுக்கு உரம் போட்டால் சாய்ந்துவிடும். ஜப்பான் நெல் தாங்கி நிற்கும். இரண்டையும் கலந்தால் என்ன என்பதுதான் அவர் முன்னெடுத்த இண்டிகா – ஜப்பானிகா திட்டம். சுலபமான வேலை இல்லை, கலப்புச் செடிகளில் பதர்தான் அதிகம். ஆனாலும் ஜப்பானின் நோரின் 10-ம் நம்ம ஜி.இ.பி. 24-ம் சேர்ந்து ஏ.டி.டி. 27 ஆனது. அதே திட்டத்தில் மலேசியாவில் தேறிய மசூரிதான் இங்கே பொன்னியாக வந்தது.

பத்மஸ்ரீ, பத்மபூஷண், மாநிலங்களவை நியமனம் எல்லாம் வந்தன. 1988-ல் மறைந்தார்.

கலப்புக் குறிப்பில் தாயின் பெயரை முதலில் எழுதுவது வழக்கம். சும்மா மரியாதைக்காக இல்லை. நெல்லின் மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாகத்தான் வரும். அதற்குத் தனி டி.என்.ஏ. உண்டு: மனிதனுக்கு 16,569 எழுத்து, நெல்லுக்குச் சுமார் 4.9 லட்சம். இவ்வளவு பெரிதாக இருந்தும் அதன் மரபணுக்கள் மெதுவாகத்தான் மாறுகின்றன. பழுதான இடத்தை நல்ல பிரதியைப் பார்த்துத் திருத்துவதுதான் இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். ஆனால் மரபணுக்களுக்கு நடுவில் உள்ள இடங்களில் அந்தக் கவனம் இல்லை. கிடைத்த துண்டுகளை ஒட்டிவிடுவதும் நடக்கிறது. அங்கேதான் டி.என்.ஏ. ஊதிப்போகிறது, இடம் மாறுகிறது. சில சமயம் துண்டுகள் சேர்ந்து புது மரபணு ஒன்று முளைத்து, மகரந்தத்தை மலடாக்கிவிடும்.

வீரிய ஒட்டு நெல் பெரும்பாலும் இந்த மலட்டுத்தன்மையை நம்பித்தான் நிற்கிறது. சீனாவின் ஹைனான் தீவில் 1970-ல் அப்படியொரு காட்டு நெல் கிடைத்தது. கோவையின் கோ.ஆர்.எச். 1 வந்தது 1994-ல். ராமையா அதைப் பார்க்கவில்லை. ஏ.டி.டி. 27-ஐயும் பொன்னியையும் அறுத்து, பத்தாயத்தில் போட்டு, மறுவருஷம் அதையே விதைக்க முடிந்தது. ஒட்டு நெல்லில் அது நடக்காது. ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைக் கடைக்குப் போயாக வேண்டும்.