துண்டுகளைச் சேர்த்துப் பார்த்த ஹாஸ்கெல் கரி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நானும் இரண்டு நண்பர்களும் ஒரு டியூஷன் நிலையத்துக்கு வகுப்புப் பதிவுச் செயலி ஒன்றைச் செய்து கொடுத்தோம். ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதினோம். ஃபங்ஷனல் புரோகிராமிங் எனப்படும் சார்பு நிரலாக்கத்துக்குப் பேர்போன மொழி அது. எங்கள் சோதனைகள் அத்தனையும் பச்சை விளக்கு காட்டின. நிலைய நிர்வாகியின் முன் செயலியைத் திறந்து, ஒரு மாணவரைச் சனிக்கிழமை வகுப்பில் பதிந்தேன். பிறகு அவரை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப் போனேன். இந்தப் பதிவை வேறு யாரோ திருத்திவிட்டார்கள் என்று செயலி மறுத்துவிட்டது. அறையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

அன்றிரவு பிழையைத் தேடிச் சலித்த நேரத்தில்தான், இந்த மொழிக்கு ஏன் இந்தப் பெயர் என்று படிக்கத் தொடங்கினேன். ஹாஸ்கெல் கரி என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் பெயர் அது. (நம் வீட்டுக் கறிக்கும் அந்தக் குடும்பப் பெயருக்கும் தொடர்பில்லை; ஆங்கில எழுத்துதான் ஒன்று.) படிக்கப் படிக்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கு அன்று நடந்தது அவருக்கு 1935இல் நடந்திருந்தது, பல மடங்கு பெரிதாக.

கரி 1900 செப்டம்பர் 12ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்லிஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் பாஸ்டனில் பேச்சுக்கலைப் பள்ளி நடத்தியவர்கள். மருத்துவராகும் எண்ணத்துடன் 1916இல் ஹார்வர்டில் சேர்ந்த பிள்ளை, கணிதத்துக்கு மாறி 1920இல் பட்டம் பெற்றார். பின்பு எம்.ஐ.டி.யில் மின்பொறியியல். அதையும் விட்டு இயற்பியல். 1924இல் அதில் முதுகலைப் பட்டம். கடைசியில் மறுபடியும் கணிதம். எந்தத் துறைக்குப் போனாலும், விடை சரியாக வந்தால் போதும் என்று அவரால் இருக்க முடியவில்லை. ஏன் சரியாக வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். எஸ்.பி.எம். முடித்து எந்தப் பாடம் எடுப்பது என்று தவிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கலாம். அவருக்குச் சரியான இடம் கிடைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின.

1922இல் வைட்ஹெட், ரசல் இருவரும் எழுதிய 'பிரின்சிபியா மத்தமாட்டிகா'வின் முதல் அத்தியாயத்தைப் புரட்டியபோது ஒன்று அவர் கண்ணில் உறுத்தியது. ஒரு சூத்திரத்தில் மாறிக்குப் பதிலாக வேறொன்றை வைக்கலாம் என்ற விதி அது. எக்ஸ் கூட்டல் 2 என்பதில் எக்ஸ் இருக்கும் இடத்தில் 5ஐப் போடுகிறோமே, அதுதான். படிவம் ஒன்றிலேயே யோசிக்காமல் செய்துவிடுகிறோம். ஆனால் உள்ளே வைக்கும் சூத்திரத்திலும் வேறு பொருளில் ஓர் எக்ஸ் இருந்தால்? இரண்டும் கலந்து குழம்பிவிடும். மற்ற விதிகளெல்லாம் ஒரு வரியில் முடிய, இது மட்டும் இவ்வளவு சிக்கலாக இருக்கிறதே, இதைப் பிரித்து இன்னும் எளிய துண்டுகளாக்க முடியாதா என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த வேலை இந்தக் கேள்வியிலிருந்து முளைத்ததுதான்.

மாறிகளே இல்லாமல், சில அடிப்படைச் செயல்களை ஒன்றோடொன்று கோத்தே எல்லாவற்றையும் எழுதும் வழியை அவர் கண்டுபிடித்தார். பிறகு 1927இல், பிரின்ஸ்டனில் கற்பித்துக்கொண்டிருந்தபோது, மோசஸ் ஷோன்ஃபின்கெல் என்பவர் 1924இலேயே அதை வெளியிட்டுவிட்டார் என்று தெரிந்தது. நம்மில் பலர் அந்த இடத்தில் மனம் உடைந்து தலைப்பையே மாற்றியிருப்போம். கரி அந்த ஆய்வு பிறந்த ஊரான ஜெர்மனியின் கோட்டிங்கனுக்கே போனார். பெர்னேஸ், ஹில்பர்ட் ஆகியோரிடம் பயின்று, 1930இல் ஜெர்மன் மொழியில் ஆய்வேட்டை வெளியிட்டு முனைவரானார். ஷோன்ஃபின்கெலுக்குரிய பெருமையை அவருக்கே கொடுத்தார். ஆனாலும் உலகம் அந்த உத்தியைக் 'கரியிங்' என்றே அழைக்கிறது. அதற்கும் முன்னால் ஃபிரேகே இதைத் தொட்டிருக்கிறார் என்பது வேறு கதை.

கரியிங் என்பது எளிதுதான். இரண்டு எண்களைக் கூட்டும் சார்புக்கு 3ஐ மட்டும் கொடுங்கள். அது பிழை சொல்லாது. இன்னொரு எண்ணுக்காகக் காத்திருக்கும் புதிய சார்பு ஒன்றைத் திருப்பித் தரும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் என் செயலியைச் சரிசெய்யும்போது தேவைப்படும்.

1929இல் பென்சில்வேனியாவில், இன்று பென் ஸ்டேட் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியில் வேலை கிடைத்தது. கணிதம் முழுவதற்கும் அடித்தளமாகக்கூடிய ஒரு தர்க்க அமைப்பை அங்கே கட்டிக்கொண்டிருந்தார். பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச் ஏறக்குறைய அதே நோக்கத்தில் வேறோர் அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். 1935இல் சர்ச்சின் மாணவர்களான கிளீனியும் ராசரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு அமைப்புகளுமே முரண்பட்டவை என்று அதில் நிறுவியிருந்தார்கள். முரண்பட்ட தர்க்கத்தில் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். பூச்சியமும் ஒன்றும் சமம் என்றுகூட நிரூபிக்கலாம். விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் குற்றமில்லை. எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்ததும் வீடு சரிந்துவிட்டது.

சர்ச் தம் அமைப்பில் பாதுகாப்பான பகுதியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டார். லாம்டா கால்குலஸ் என்று கணினி அறிவியல் மாணவர்கள் படிப்பது அதைத்தான். கரியோ சரிந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த முரண்பாட்டைக் காட்டிய நிறுவல் நீண்டது, கடினமானது. எந்தத் துண்டும் எந்தத் துண்டும் சேரும்போது விரிசல் விழுகிறது என்று தெரியும்வரை அதைச் சுருக்கிக்கொண்டே போனார். 1942இல் வெளியிட்டதைப் பள்ளி மாணவருக்கே சொல்லிவிடலாம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: இந்த வாக்கியம் உண்மையென்றால் நாளை பள்ளி விடுமுறை. இதை ஒரு நிமிடம் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சொல்கிறபடி, அது உண்மையென்றால் விடுமுறை, உண்மை என்று வைத்துக்கொண்டோம், ஆகவே விடுமுறை. ஆக, வாக்கியம் உண்மையென்றால் விடுமுறை என்று காட்டிவிட்டோம். அந்த வாக்கியம் சொல்வதே அதைத்தானே! அப்படியானால் வாக்கியம் உண்மைதான். ஆகவே நாளை விடுமுறை. எந்தப் படியிலும் ஏமாற்று இல்லை. நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், யாராலும் சட்டென்று தவறு காட்ட முடியாது. கரி முரண்பாடு என்று இதற்குப் பெயர்.

தம் உழைப்பு இடிந்த இடத்தையே ஆராய்ந்து, அது இடியும் வழியை எல்லாருக்கும் விளங்கும்படி எழுதிவைப்பதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் உலகப் போர் அவரைத் தாளிலிருந்து இயந்திரத்துக்கு இழுத்துவந்தது. போர்க்காலத்தில் பயன்பாட்டுக் கணித வேலைக்குப் போனவர், அமெரிக்கப் படையின் அபர்டீன் ஆய்வுக்கூடத்தில் எனியாக் கணினியோடு பழகினார். ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்களும் 30 டன் எடையும் கொண்ட அந்த இராட்சதனுக்கு நிரல் எழுதுவதென்றால், வடங்களைச் செருகுவதும் சாவிகளைத் திருப்புவதும்தான். 1946இல் கரியும் வில்லா வையட் என்ற பெண் கணிதவியலாளரும் சேர்ந்து, ஓர் அட்டவணையிலிருந்து பின்னோக்கி விடை காணும் கணக்கை அதில் எப்படி அமைப்பது என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம் என்ற அமைப்பில் அதைத் திட்டமிட்டிருந்தார்கள்.

அதிலிருந்து அவருக்கு அடுத்த கேள்வி பிறந்தது. தனித்தனியே சரியான இரண்டு நிரல்களை இணைத்தால் என்ன ஆகும்? 1949, 1950 ஆண்டுகளில் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்துக்காக இதைப் பற்றியே எழுதினார். ஒரு நிரலை இன்னொன்றின் நடுவில் வைத்தால் நினைவக முகவரிகள் எல்லாம் மாறும். கட்டளையும் எண்ணும் ஒரே நினைவகத்தில் கிடப்பதால், எது கட்டளை, எது எண் என்று பிரித்தறிந்துதான் முகவரியை மாற்ற வேண்டும். 1922இல் எக்ஸ் இருந்த இடத்தில் வேறொன்றை வைத்தபோது வந்த அதே குழப்பம் இது. அந்த அறிக்கைகளை அன்று அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. அவரும் தர்க்கத்துக்கே திரும்பிவிட்டார்.

இப்போது என் செயலிக்கு வருகிறேன். நாங்கள் சோதித்தது நிஜத் தரவுத்தளத்தோடு அல்ல. நினைவகத்தில் நாங்களே எழுதிய ஒரு போலியோடு. ஹாஸ்கெல் நேரத்தைப் பிக்கோ விநாடி அளவுக்குத் துல்லியமாக எழுத இடம் தருகிறது. எங்கள் கணினியின் கடிகாரம் நானோ விநாடி வரை சொல்லும். நிலையத்தில் ஓடிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ மைக்ரோ விநாடியோடு நிறுத்திக்கொள்ளும். பதிவைச் சேமித்த நேரம் உள்ளே போகும்போது கடைசி இலக்கங்களை இழந்தது. திரும்ப வந்த நேரத்தை நினைவிலிருந்த நேரத்தோடு ஒப்பிட்ட எங்கள் நிரல், இரண்டும் வேறு என்று கண்டு, யாரோ திருத்திவிட்டார்கள் என்று முடிவு கட்டியது. போலித் தரவுத்தளமோ கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எப்படிப் பிழை தெரியும்? ஹாஸ்கெலின் வகைச் சரிபார்ப்பு கண்டிப்புக்குப் பேர்போனது. அதன் கண் நிரலின் எல்லைவரைதான். வெளியே இருக்கும் தரவுத்தளம் அதற்குத் தெரியாது.

இதற்குத்தான் ஒருங்கிணைப்புச் சோதனை என்ற ஒன்று இருக்கிறது. டாக்கர் என்ற மென்பொருள், ஒரு சேவையை அதற்கு வேண்டிய கோப்புகளோடு ஒரு கொள்கலனில் அடைத்து ஓட்டும். கிள்ளான் துறைமுகத்துக் கொள்கலன் மாதிரியே, எந்தக் கப்பலில் ஏற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. சோதனை தொடங்கும்போது நிஜப் போஸ்ட்கிரெஸ் ஒன்று கொள்கலனில் எழும். சோதனை முடிந்ததும் சுவடில்லாமல் அழியும். ஒவ்வொரு முறையும் அது எந்தத் தொடர்புமுனையில் கேட்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அங்கேதான் கரியிங் கை கொடுத்தது. தரவுத்தளத்தின் முகவரியை முதல் உள்ளீடாகக் கேட்கும்படி சோதனைச் சார்புகளை எழுதினோம். கொள்கலன் எழுந்து முகவரி கிடைத்ததும் அதை மட்டும் கொடுத்தால், மற்றவை காத்திருக்கும் சார்புகளாகத் திரும்ப வந்தன.

முதல் ஓட்டமே தோற்றது. கொள்கலன் எழுந்துவிட்டால் உள்ளே தரவுத்தளமும் தயார் என்று நினைத்துவிட்டோம். அந்தப் போஸ்ட்கிரெஸ் கொள்கலன் முதன்முறை எழும்போது தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஒருமுறை தொடங்கி, நின்று, மறுபடி தொடங்குகிறது. தயார் என்ற செய்தி இரண்டு முறை வருகிறது. முதல் செய்தியை நம்பிக் கதவைத் தட்டினால் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டாவது செய்திவரை காத்திருக்கச் செய்த பிறகு சோதனை ஓடியது. சிவப்பு விளக்கில், நாங்கள் தேடிய அதே பிழையைக் காட்டியது. நேரத்தைச் சேமிக்கும் முன்பே மைக்ரோ விநாடிக்கு வெட்டினோம். திருத்தம் என்னவோ ஒரே வரிதான்.

கரி 1966வரை பென் ஸ்டேட்டில் கற்பித்தார். பிறகு ஆம்ஸ்டர்டாமில் 1970வரை பேராசிரியர். 1972இல், 71 வயதில், ஹிண்ட்லி, செல்டின் இருவரோடும் சேர்ந்து தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியை வெளியிட்டார். 1982 செப்டம்பர் 1ஆம் தேதி பென்சில்வேனியாவில் காலமானார்.

1988 ஜனவரியில் யேல் பல்கலைக்கழகத்தில் கூடிய ஆய்வாளர் குழு ஒன்று தங்கள் புதிய சார்பு நிரல்மொழிக்குப் பெயர் தேடியது. கரி என்று வைக்கத்தான் முதலில் எண்ணினார்கள். கேலிக்கு இடமாகிவிடும் என்று முதற்பெயரை எடுத்துக்கொண்டார்கள். அனுமதி கேட்டு அவருடைய மனைவி வர்ஜினியாவிடம் போனபோது அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். ஆனால் தம் கணவருக்கு ஹாஸ்கெல் என்ற அந்தப் பெயர் ஒருபோதும் பிடித்ததில்லை என்பதையும் சொல்லிவைத்தாராம்.