கரும்புக்குள் கணக்கு பார்த்த ஜானகி அம்மாள்... யார் இவர்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கரும்புத் தோட்டம் பார்த்திருப்பீங்க. கரும்பை வேறொரு பயிரோடு கலந்தால் விதை பிடிக்குமா? மைக்ரோஸ்கோப்பில் விடை தேடியவர் ஜானகி அம்மாள்.

மனித செல்லில் 46 குரோமோசோம். விந்தணு, கருமுட்டை உருவாகும்போது அவை ஜோடி சேர்ந்து, பிரிந்து, 23 ஆகும். இதுதான் குன்றல் பகுப்பு. பயிரிலும் இதே கதைதான். தூரத்து இனங்களைக் கலந்தால் ஜோடி அமையாது, செடி மலடாகலாம்.

1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்தவர், 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணி. கரும்பை மக்காச்சோளத்தோடுகூட கலந்து பார்த்தார். 1939-ல் மாநாட்டுக்காக பிரிட்டன் போனவர், உலகப்போர் வெடித்ததால் அங்கேயே தங்கினார்.

1945-ல் விஞ்ஞானி டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையை நூலாகத் தொகுத்தார். எதை எதோடு கலக்கலாம்னு முன்கூட்டியே யோசிக்க உதவும் கணக்கு அது. 1977-ல் பத்மஸ்ரீ, 1984-ல் மறைந்தார்.