1843 என்று பொறித்திருந்தால் 1843-ல் செய்ததா?

மக்களே, ஒரு சின்ன கற்பனை. அமெரிக்காவில் ஒரு பழம்பொருள் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பழைய ரிவால்வர். அதோட சிலிண்டரைச் சுற்றி கப்பல்கள் சண்டை போடும் காட்சி பொறிச்சிருக்கு. ஓரத்தில் 1843 மே 16 என்று தேதி. உடனே நாம என்ன நினைப்போம்? 1843-ல செஞ்ச துப்பாக்கின்னு தானே?

தப்பு. அது டெக்சாஸ் கடற்படையும் மெக்சிகோ கடற்படையும் காம்பேச்சே அருகில் மோதிய நாள். இந்தத் துப்பாக்கி மாடல் விற்பனைக்கு வந்ததே அதுக்கு ஏழு வருஷம் கழிச்சுத்தான். அப்போ உண்மையான வயசை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிச்ச பிறகு, அதைப் பாலிஷ் போட்டு, பார்ட்ஸ் மாத்தி புதுசாக்கலாமா, கூடாதா? இதுக்குப் பதில் வேணும்னா அதைச் செய்தவரோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கணும். அவர் பெயர் சாமுவேல் கோல்ட்.

கல்கத்தாவுக்குக் கப்பலேறிய பையன்

கோல்ட் பிறந்தது 1814 ஜூலை 19-ல், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் நகரில். சின்ன வயசுலேயே அம்மா இறந்துட்டாங்க. 11 வயதில் ஒரு விவசாயியிடம் வேலைக்கு விட்டார்கள். பிறகு அப்பாவின் துணி மில்லில் வேலை. படிப்பை விட வெடிமருந்து மேலதான் பையனுக்குக் கண்ணு. ஊர்க் குளத்தில் ஒரு மிதவையை வெடிவெச்சுக் காட்டுறேன்னு ஊரையே கூட்டி, வந்தவங்க எல்லாரையும் சேறும் தண்ணியுமா நனைச்சதாக ஒரு கதை உண்டு. அன்னைக்கு அவரைக் கூட்டத்திடமிருந்து காப்பாத்தியவர் எலைஷா ரூட் என்ற இளம் மெக்கானிக் என்பார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்குங்க.

பள்ளியிலும் வாணவேடிக்கையால் வம்பு வர, 1830-ல் கோல்ட்டைக் கப்பல் வேலைக்கு அனுப்பினார்கள். பாஸ்டனிலிருந்து கோர்வோ என்ற கப்பல் கிளம்பியது. போன இடம் நம்ம கல்கத்தா! அந்தப் பயணத்தில்தான் சுழலும் சிலிண்டர் கொண்ட துப்பாக்கியின் மாதிரியை மரத்தில் செதுக்கினார். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று, நின்று, பூட்டிக்கொள்வதைப் பார்த்து யோசனை வந்தது என்பது அவர் வழியாகப் பரவிய கதை. சுழலும் துப்பாக்கிகள் அதுக்கு முன்னாடியே இருந்தன. கோல்ட் செய்தது வேற: ஹேமரைப் பின்னால் இழுத்தாலே சிலிண்டர் ஒரு அறை திரும்பி, பேரலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளும்.

சிரிப்பு வாயுவும் முதல் தோல்வியும்

ஊருக்குத் திரும்பியவரிடம் ஐடியா இருந்தது, காசு இல்லை. என்ன செய்தார்? டாக்டர் கோல்ட் என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கிட்டு, ஊர் ஊராகப் போய் நைட்ரஸ் ஆக்சைடை, அதாவது சிரிப்பு வாயுவை, மக்களுக்குக் கொடுத்து ஷோ நடத்தினார். விளம்பரத்தில் கல்கத்தா பெயரையும் சேர்த்துக்கொண்டார். அந்த வசூலில் பால்டிமோர் நகரத் துப்பாக்கிக் கொல்லர் ஜான் பியர்சனை வைத்து மாதிரிகள் செய்தார். 1836 பிப்ரவரி 25-ல் அமெரிக்க பேட்டண்ட் கிடைத்தது. அப்போ அவருக்கு வயசு 21. நம்ம ஃபைனல் இயர் வயசு!

நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். ஐந்து குண்டுகள், மடங்கி உள்ளே போகும் ட்ரிகர். ராணுவத்துக்கு அது பிடிக்கவில்லை; மென்மையான பொருள், போர்க்களத்தில் தாங்காது என்று நினைத்தார்கள். 1842-ல் கம்பெனி மூடப்பட்டது. அடுத்த சில வருஷம் கோல்ட் கடலடிக் கண்ணிவெடி, தண்ணி புகாத மின்கம்பி என்று வேற வேலை பார்த்தார்.

ஒரு யூசர் கொடுத்த ஃபீட்பேக்

ஆனால் விற்ற துப்பாக்கிகளில் 180, 1839-ல் டெக்சாஸ் கடற்படைக்குப் போயிருந்தன. அவை பிறகு டெக்சாஸ் ரேஞ்சர்கள் கைக்கு வந்தன. 1844-ல் கமான்ச்சி குதிரை வீரர்களோடு நடந்த சண்டையில், சில பேர் பல பேரை எதிர்த்து நிற்க அந்தத் துப்பாக்கியே காரணமானது. தங்கள் நிலத்துக்காகப் போராடிய கமான்ச்சி மக்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வெற்றிக்கதை இல்லை. கோல்ட்டின் வாழ்க்கையை எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது.

அந்த ரேஞ்சர்களில் ஒருவர் சாமுவேல் வாக்கர். மெக்சிகோ போர் வந்தபோது கோல்ட்டும் அவரும் சேர்ந்து டிசைனையே மாற்றினார்கள். ஆறு குண்டு, நிலையான ட்ரிகர் கார்டு, பேரலைக் கழற்றாமலே குண்டை அழுத்தி நிரப்பும் நெம்புகோல். 1847-ல் அரசு ஆயிரம் துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கோல்ட்டுக்கு அப்போ தொழிற்சாலையே இல்லை! எலை விட்னி ஜூனியரின் ஆலையில் செய்து கொடுத்தார்.

வாக்கர் மாடல் இரண்டு கிலோவுக்கும் மேல் எடை. அதில் நிரப்பிய கருமருந்தின் அழுத்தத்தை அன்றைய இரும்பு எப்போதும் தாங்கவில்லை. பல சிலிண்டர்கள் வெடித்தன. அடுத்து வந்த டிராகூன் மாடலில் சிலிண்டர் நீளத்தையும் மருந்து அளவையும் குறைத்தார்கள். அதாவது, தன் டிசைனை மாற்றத் தயங்காத ஆளாகத்தான் கோல்ட் அப்போது இருந்தார்.

நம்பர் ஏன் அத்தனை இடத்தில்?

1848-ல் ஹார்ட்ஃபோர்ட்டில் சொந்தத் தொழிற்சாலை. 1849-ல் அதன் பொறுப்பை எலைஷா ரூட்டிடம் ஒப்படைத்தார். குளத்தங்கரை மெக்கானிக் ஞாபகம் இருக்கா? அவரேதான். மெஷின்கள், ஜிக்குகள், டிராப் ஹேமர்கள் என்று அமெரிக்க உற்பத்தி முறைக்கே முன்மாதிரி ஆனது அந்த ஆலை. 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் கோல்ட் தன் துப்பாக்கிகளை வைத்து, எந்தப் பாகமும் எதிலும் பொருந்தும் என்று பெருமை பேசினார். 1853-ல் லண்டனிலேயே ஆலை திறந்தார். சில வருஷத்தில் மூடினார்.

இப்போ நம்ம மெட்ராலஜி லேபுக்கு வருவோம். எல்லாப் பாகமும் எல்லாத்துலயும் பொருந்தும்னா, ஒவ்வொரு பாகத்திலும் ஏன் நம்பர் அடிக்கணும்? கோல்ட்டின் ஒரே துப்பாக்கியில் பேரல், ஃபிரேம், ட்ரிகர் கார்டு, கைப்பிடிப் பின்பட்டை, சிலிண்டர் எல்லாவற்றிலும் அதே நம்பர் இருக்கும். காரணம் எளிமையானது. மெஷினில் வந்த பாகங்களைத் தொழிலாளி அரம் போட்டுத் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்துவார். பிறகு கழற்றி, இரும்பைக் கடினப்படுத்த உலைக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும்போது எது எதோட ஜோடின்னு தெரியணும் இல்லையா? அதுக்குத்தான் நம்பர். மேடையில் சொன்ன டாலரன்ஸ் ஆலைக்குள் இன்னும் வரவில்லை என்பதற்கு அந்த நம்பரே சாட்சி.

அந்தக் குறைக்குச் செஞ்ச ஏற்பாடுதான் இன்னைக்கு வயசு சொல்லும் ஆதாரம். எப்படி?

முதலில் மாடல் எதுன்னு பார்க்கணும். பெரும்பாலான மாடல்களுக்கு நம்பர் ஒன்றிலிருந்து தனியாகத் தொடங்கும். 1851 நேவி மாடலின் 5000-மும் 1860 ஆர்மி மாடலின் 5000-மும் வேற வேற வருஷம். லண்டனில் செய்தவற்றுக்குத் தனி வரிசை. அடுத்து பேரல் மேல் உள்ள முகவரி: நியூயார்க்கா, ஹார்ட்ஃபோர்ட்டா, லண்டனா? பிறகு வடிவம். நேவி மாடலில் முதல் நாலாயிரம் சொச்சத்தில் ட்ரிகர் கார்டின் பின்பக்கம் சதுரமாக இருக்கும். அதற்குப் பிறகு வட்டம். கடைசியாக, எல்லாப் பாகத்திலும் நம்பர் ஒன்றாக இருக்கா? இல்லைன்னா இடையில் யாரோ மாற்றியிருக்காங்க. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஒத்துப் பார்ப்போமே, அதே வேலைதான். பொறித்திருக்கும் தேதியை மட்டும் நம்பாதீங்க. அது போர் தேதியாகவோ பேட்டண்ட் தேதியாகவோ இருக்கும்.

கோல்ட் தவறவிட்ட ஒரு மாற்றம்

கோல்ட்டின் பேட்டண்ட் நீட்டிக்கப்பட்டு 1857 வரை ஓடியது. காப்பி அடித்த கம்பெனியை 1851-ல் வழக்குப் போட்டுத் தோற்கடித்தார். அதே ஆலையில் ரோலின் வொய்ட் என்பவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். சிலிண்டரை முன்னும் பின்னும் திறந்தபடி துளைத்தால் பின்பக்கமிருந்தே தோட்டாவைப் போடலாம் என்பது அவர் யோசனை. கோல்ட் துப்பாக்கியில் ஒவ்வொரு அறைக்கும் மருந்து, குண்டு, அப்புறம் பின்னால் தீபாவளிப் பொட்டு வெடி மாதிரி ஒரு கேப் என்று தனித்தனியாக நிரப்பணும். வொய்ட்டின் யோசனையை கோல்ட்டிடம் சொன்னதாகவும் அவர் ஏற்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது. எப்படியோ, 1855 ஏப்ரல் 3-ல் பேட்டண்ட் வொய்ட் பெயரில் வந்தது. 1856-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைத் துப்பாக்கிக்கு 25 சென்ட் என்று உரிமம் வாங்கியது. கோல்ட்டின் பேட்டண்ட் முடிந்த அதே 1857-ல் அவர்கள் ரிவால்வர் கடைக்கு வந்தது.

பேட்டண்டை வைத்து மற்றவர்களைத் தடுத்தவர், இப்போ இன்னொரு பேட்டண்டுக்கு வெளியே நின்றார். 1869 வரை கோல்ட் கம்பெனியால் அந்த சிலிண்டரைச் செய்ய முடியவில்லை. வொய்ட்டுக்கும் சுகம் இல்லை. ஒப்பந்தப்படி வழக்குச் செலவெல்லாம் அவர் தலையில்.

இதன் முடிவை கோல்ட் பார்க்கவில்லை. உள்நாட்டுப் போர் வெடிக்கும் வரை வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் விற்றார். 1862 ஜனவரி 10-ல், 47 வயதில் இறந்தார். 1864-ல் ஆலை எரிந்தது. அவர் மனைவி எலிசபெத் அதைத் திரும்பக் கட்டினார்.

மாத்தலாமா, வேண்டாமா?

1869-க்குப் பிறகு கம்பெனி ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தது. கையில் இருந்த பழைய மாடல் பாகங்களையும், ஏற்கெனவே செய்த துப்பாக்கிகளையும் எடுத்து, சிலிண்டரின் பின்பகுதியை வெட்டி, அங்கே ஒரு தகட்டு வளையமும் தோட்டா போடும் கதவும் வைத்தார்கள். நெம்புகோல் இருந்த இடத்தில் காலி உறையைத் தள்ளும் கம்பி. ரிச்சர்ட்ஸ், மேசன் என்ற பொறியாளர்களின் பெயரால் அவை அறியப்படுகின்றன. 1873-ல் முற்றிலும் புதிய சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி வரும் வரை இவை பாலமாக இருந்தன. இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். மாற்றப்பட்டதால் அவற்றின் மதிப்பு போகவில்லை. அந்த மாற்றமே அவற்றின் வரலாறு.

அப்போ இன்னைக்கு நாமும் மாத்தினா என்ன? இங்கதான் வித்தியாசம். 1871-ல் அது ஒரு கருவி. அதை உபயோகத்தில் வைக்க மாற்றினார்கள். இன்று அது ஒரு ஆவணம். பஃபிங் வீலில் ஒரு முறை போட்டால் துரு மட்டும் போகாது. பேரல் முகவரி மங்கும், கப்பல் காட்சி அழியும், நம்பரின் விளிம்பு கரையும். திரும்ப வராது. மேல்பூச்சை மட்டும் புதுசாக்கினாலும் மதிப்பு குறையும். பாதுகாப்பும் இருக்கு: கருமருந்துக்காகச் செய்த இரும்பில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் வாக்கர் சிலிண்டரின் கதிதான். சிங்கிள் ஆக்ஷன் ஆர்மிக்கே 1900 வாக்கில்தான் புகையில்லா மருந்துக்கு கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. அதனால் வயசு தெரியாமல் எதையும் தொடக்கூடாது.

மாற்றிப் பார்க்கும் ஆசை இருக்கிறவங்களுக்கு இத்தாலிய நகல்கள் இருக்கு. உபெர்ட்டி போன்ற நிறுவனங்கள் பழைய கோல்ட் மாடல்களைப் புது எஃகில் செய்கின்றன. அவற்றுக்குத் தனியாகக் கழற்றி மாட்டும் தோட்டா சிலிண்டர்களும் கிடைக்கின்றன. அமெரிக்காவில் விவரம் தெரிந்தவர்கள் நகலில் விளையாடிவிட்டு, அசலுக்கு லேசாக எண்ணெய் தடவி வைத்துவிடுகிறார்கள்.

கோல்ட் கல்கத்தா பயணத்தில் செதுக்கிய மரத்துண்டு இன்றும் ஹார்ட்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கு. கத்தி பட்ட தடம் அப்படியே தெரியும். அதை யாராவது உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி வார்னிஷ் அடிச்சிருந்தா, 16 வயசுப் பையன் கப்பலில் உட்கார்ந்து செதுக்கினதுன்னு நம்மால் கண்டுபிடிச்சிருக்க முடியுமா?